குழி எண் பதினேழு

முதலில் புல்லைச் சதுரமாக வெட்டிக்
கம்பளம்போல் தூக்கி ஓரமாய் வைத்தோம்.
குதிரையிலிருந்து இறங்காமலே செவெக்மித் கேட்டார்:
"இருட்டுவதற்குள் மூடிவிடுவீர்கள்தானே?"
எங்கள் பக்கம் மண்ணைக் கீறுவது
சின்ன விஷயமில்லை.
மூடுவோம் என்றாள் ஒத்கோன்.
நானும் தலையாட்டினேன்,
படிவத்தில் அதற்கொரு கட்டம் இல்லையென்றாலும்.

அவள் குழிக்குள்.
நான் மேலே, அட்டையும் பேனாவுமாக.
நான்கு சென்டிமீட்டர் வரை
புழுதி, சருகு, ஆட்டுப்புழுக்கை.
நான்கிலிருந்து இருபத்தாறு:
விரலில் நசுக்கினால் உதிரும் பருக்கைகள்,
வேர்கள் ஏராளம்.
"ஏராளமென்றால் எத்தனை?"
"இறங்கி வந்து எண்ணு. பாதியில் நீயே ஏராளம் என்பாய்."
அதற்குக் கீழே வேர்கள் மெலிந்தன,
மாதக் கடைசிச் சம்பளம்போல.

இங்கே ஓராண்டு மழையைச் சேர்த்து நிறுத்தினால்
ஒரு சாண்.
அந்த ஒரு சாண் நீர்
மேலிருந்து சுண்ணாம்பைக் கரைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கும்;
கால் ஓய்ந்த இடத்தில்,
சுமைதாங்கியைக் கண்டவன் மூட்டையை இறக்குவதுபோல்,
வைத்துவிட்டு ஆவியாகிவிடும்.
எந்த இடம் அது?
முப்பத்தெட்டில் ஒரு சொட்டு அமிலம்: சத்தமில்லை.
நாற்பத்தொன்றில் சீறியது.
"கேட்டதா?"
மேலே குதிரையும் காதை நிமிர்த்தியது.
ஐம்பதில் வெள்ளை வெள்ளையாய்ப் பொடி,
சுவரில் யாரோ மாவுக்கையைத் துடைத்ததுபோல்.

ஆனால் பெயரை முடிவுசெய்வது நிறம்.
நிறப் புத்தகத்தில் ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்ந்தால் கருமண்.
நகராவிட்டால் செஸ்ட்நட் மண்.
நனைத்துத்தான் பார்க்கவேண்டும்;
கேனில் தண்ணீர் தீர்ந்திருந்தது.
செவெக்மித் குடுவையை நீட்டினார்:
உப்புப் போட்ட பால் தேநீர்.
"பால் பட்டால் மண் பொய் சொல்லும்" என்று சிரித்தவள்
கட்டியின் மேல் துப்பிக்கொண்டாள்.
பிறகு மூவரும்
மேகம் விலகக் காத்திருந்தோம்.

விலகியது. நகரவில்லை.
செஸ்ட்நட்.
யாரோ, எங்கேயோ,
தங்கள் ஊர் மரத்துக் கொட்டையின் பெயரை
மரமே இல்லாத இந்த மண்ணுக்கு வைத்தார்கள்.
ஒத்கோன் அதைப் பார்த்ததே இல்லை.
நான் ஒருமுறை, பெர்லினில்,
நனைந்த நடைபாதையில், ஒன்றை மிதித்திருக்கிறேன்.
எங்கள் மொழியில் இது ஹுரென்.
செவெக்மித்தின் குதிரையும் ஹுரென்தான்.
கட்டியை வாங்கி அதன் கழுத்தோடு ஒட்டிப் பார்த்தார்.
"வேர்த்து நிற்கும்போது இதே நிறம்.
காய்ந்தபின் கொஞ்சம் வெளிறும்."
ஈரநிறம், உலர்நிறம்:
இரண்டு கட்டங்களையும் நிரப்பினேன்.

அப்போதுதான் இடப்பக்கச் சுவரில் அது கண்ணில்பட்டது.
அறுபத்தைந்தில், வெளிறிய சுண்ணாம்பு நடுவே,
தட்டளவு வட்டமாய்க் கறுத்த மேல்மண்.
எப்படி இறங்கியது இவ்வளவு ஆழம்?
"தார்பகான்" என்றார் அவர்.
"மர்மோட் வளை. உள்ளே மண் சரிந்து மூடியிருக்கிறது.
நான் மணமுடித்த வருடம் இங்கே விசில் சத்தம் ஓயாது.
பிறகு தோலுக்காக வந்தார்கள்."
எந்த அடுக்கில் எழுத?
ஒத்கோன் கத்திமுனையால் வட்டத்தைச் சுற்றி வந்தாள்.
"குறிப்பு என்று போடு."
குறிப்புக்கு ஒரு வரிதான் இடம்.

மூடினோம், வெளியே வந்த வரிசையைத் திருப்பி:
வெள்ளை முதலில், பழுப்பு பிறகு.
எடுத்த மண்ணே திரும்பப் போட்டாலும்
மேடு தட்டியது. மிதித்தோம்.
கடைசியில் புல்.
சதுரம் சதுரத்தில் சரியாகத்தான் உட்கார்ந்தது.

அவர் இறங்கினார், அன்று முதல்முறையாக.
முழங்காலிட்டு, இரண்டு கைகளாலும்
அந்தக் கம்பளத்தைத் தூக்கி
அரை வட்டம் திருப்பி வைத்தார்.
"காற்று இந்தப் பக்கமிருந்து" என்றார்.
அப்போதுதான் பார்த்தோம்,
சுற்றியிருந்த புல்லெல்லாம்
கிழக்கே சாய்ந்திருப்பதை.