மூன்றாவது வரிசையில் பதினொன்று

கஜபதி மாடிக்கு நாற்காலி கொண்டுவரச் சொன்னார்.
வந்தது. உட்காரவில்லை, இரும்பு சுட்டது.
தோட்டப்பாளையத்துச் சித்திரை.

அறை நீளம் இருபதடி. ஷீட் பன்னிரண்டு.
முன்னும் பின்னும் முக்கால் முக்காலடி நீட்டினால்
மிச்சம் பத்தரை.
மூணு பைப் போதும் என்றார்.
நாலு என்றேன்.

மூன்று போட்டால் நடுவில் ஐந்தேகால் அடி வெறுமை.
நாலு போட்டால் மூன்றரை.
ஆயிரத்து நானூறு ரூபாய்க்கு இந்தச் சண்டை.

"மேல ஏறி யாரு ஆடப்போறாங்க?"

இரண்டு பைப்பை ஐந்தேகால் தள்ளிப் போட்டு
ஒரு ஷீட்டைப் போர்த்தி
நடுவில் ஏறி நின்றேன்.
டொம் என்றது.
நான் இறங்கிய பிறகும்
தகரம் முழுசாக எழுந்திருக்கவில்லை.

"காத்து ஆடும் சார். மலையிலேர்ந்து எறங்குற காத்து."

கொஞ்ச நேரம் கோட்டைப் பக்கம் பார்த்தார்.
"சரி, நாலு போடு.
நிக்கிற கால்ல ஓரடி கொறச்சிக்க."

அப்படித்தான் அந்த அறைக்கு
ஒரு பைப்பும் ஓரடி அனலும்
ஒரே பேச்சில் கிடைத்தன.
வாடகையில் இருபது ரூபாய் ஏற்றினார்,
எழுபது நாளில் பைப் காசு வந்துவிடும்.

நூல் பிடித்தோம். ரசமட்டம் வைத்தோம்.
முனைக்கு முனை சுண்ணாம்புக் கோடு,
கோட்டின் மேல் பற்றவைப்பு, அதன் மேல் செங்காவி.
காற்று வராத பக்கத்திலிருந்து முதல் ஷீட்,
ஒன்றரை மேடு ஏறி உட்காரும் அடுத்தது.
"பள்ளத்துல தொளை போடாதடா,
தண்ணி போற வழி அது" என்று
ஏசுபாதத்திடம் எத்தனை தடவை சொன்னேனோ,
மேட்டில்தான் போட்டான்.
கொக்கி போல்ட்டை மட்டும்
யார் மேலோ உள்ள கோபத்தில் முறுக்கினான்.

ஆடி முடிந்து முதல் பெருமழை.
கஜபதி போனில் சிரித்தார்:
"ஒழுகுதய்யா. நீ கூடப் போட்ட பைப்புலதான்."

கட்டிலில் ஒரு பெண் மல்லாந்து படுத்திருந்தாள்,
தலையில் துணி.
மேதினிபூர் என்றான் புருஷன், பேர் நிதாய்.
பெரிய ஆஸ்பத்திரி, ஆறாவது மாதம்.
அவள் என்னைப் பார்க்காமல்
கூரையைப் பார்த்து ஏதோ சொன்னாள்.
"மூணாவது லைன். லெஃப்ட்லேந்து லெவன்" என்றான் அவன்.

எப்படித் தெரியும்?

"இருவத்தோரு நாளுக்கு ஒரு ஊசி.
நடுவுல வேலை இல்ல. எண்ணுது.
நாலு லைன், லைனுக்கு இருவத்தெட்டு,
நூத்திப்பன்னெண்டு."

அடித்தவன் நான். எனக்குத் தெரியாது.
பெட்டியில் மிஞ்சியதைத்தான் எண்ணியிருக்கிறேன்.

மேலே ஏறினேன்.
பைப் போகிற கோட்டிலேயே காலை வைத்து நடந்தேன்.
அவளுக்கு இடம் எனக்கு வலம்,
அவள் பதினொன்று எனக்குப் பதினெட்டு.
ஆனாலும் ஒரு சந்தேகம்.
ஸ்பானரால் தட்டினேன்.
"ஆர் ஏக்டு" என்றது கீழிருந்து.
"இன்னும் கொஞ்சம்" என்றது ஆண்குரல்.
நகர்ந்து தட்டினேன்.
குரல் இல்லை.
கட்டில் காலில் டம்ளர்
ஒரே ஒரு தரம் இடித்தது.

நட்டைக் கழற்றினால் வாஷர் இரண்டாய் வெடித்திருந்தது.
புதுசு போட்டு, தார் தடவி,
கையளவு முறுக்கி விட்டேன்.

இறங்கப் போகையில் நிதாய் சொன்னான்,
இரண்டாவது வரிசையில் ஒரு கொக்கி
எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கிறதாம்.
இருந்தது. ஏசுபாதம்தான்.
"அதையும் நேராக்கிடவா, கேளு."

கேட்டான்.
அவள் பதறிக் கையாட்டினாள்.

வேண்டாமாம்.
எண்ணும்போது பாதி வந்துவிட்டது என்று
அது வந்தால்தான் தெரிகிறதாம்.