பன்னிரண்டாவது துளை

கரையிலிருந்து வோர்ம்சி தீவுக்குப் பத்துக் கிலோமீட்டர்.
பிப்ரவரியில் கடல் இறுகிச் சாலையாகிவிடும்.
நுழைவில் ஒரு பலகை:
இருக்கைப்பட்டை அணியாதீர்.
இருபத்தைந்துக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வேகத்தில் ஓட்டாதீர்.
அந்த வேகத்தில்தான்
பனிக்கட்டிக்கு அடியில் அலை எழுந்து
வண்டியோடு சேர்ந்தே வரும்.

அர்வெத் முப்பத்திரண்டில் போனான்.
பட்டையும் போட்டிருந்தான்.
ஏழாவது துளைக்கும் எட்டாவதுக்கும் நடுவே
கடல் வாய் திறந்து மூடிக்கொண்டது.
மறுநாள் காலை அந்த இடம்
புதிதாகப் பூசிய சுவர்போல் வழவழப்பாக இருந்தது.

விசாரணை அறிக்கையைத் தட்டச்சு செய்தவள் நான்.
மூன்று பக்கம்.
தவறு ஓட்டுநருடையது என்ற வரியோடு முடிந்தது.
இறந்தவன் மறுத்துப் பேசப்போவதில்லை,
எல்லோருக்கும் மூச்சு சீரானது.
தீர்ப்பு பிழை என்று சொல்லவில்லை.
சரியான தீர்ப்பும்கூடச் சிலருக்கு
வசதியாக அமைந்துவிடுகிறது.

ஒரு வாரம் கழித்து ஹெய்னார் வந்தார்.
விடியுமுன் துரப்பணத்தோடு போய்
பன்னிரண்டு இடத்தில் துளையிட்டு
கம்பியை இறக்கித் தடிமன் பார்த்து
பேரேட்டில் எழுதுகிறவர்.
தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அன்றைக்குப் பதினொன்றுதான் போட்டேன்.
விரல் விறைத்துவிட்டது.
பன்னிரண்டாவதுக்கு இருபத்து நான்கு என்று
வண்டிக்குள் உட்கார்ந்து எழுதினேன்."

பன்னிரண்டாவது தீவுக் கரையோரம், என்றேன்.
அவன் விழுந்தது அங்கே இல்லையே.
"தெரியும்."
நீங்கள் போடாத துளையால் யாரும் சாகவில்லையே.
"அதுவும் தெரியும்.
அதனால்தான் இதை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று
தெரியவில்லை."

நேரே லெம்பியிடம் போயிருக்கிறார்.
அவள் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாளாம்.
கையுறையைக் கழற்றாமலே கேட்டு முடித்தாளாம்.

"முப்பது குளிர்காலம் இந்தக் கடல்மேல் ஓட்டியவர்.
பலகை படிக்கத் தெரியாதவரா?
அவர்மேல் எனக்கிருக்கும் கோபம் ஒன்றுதான்
இந்த வீட்டில் இப்போது என்னோடு சாப்பிடுகிறது.
அதில் பாதியை நீங்கள் தூக்கிக்கொண்டு போக
விடமாட்டேன்.
உங்களுடையது உங்களோடு இருக்கட்டும்."

மன்னிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை.
ஒரு கட்டு விறகைக் கையில் திணித்து
அதோ அந்த மூலையில், பட்டை மேலே பார்க்க, என்றாளாம்.
இருட்டும்வரை அடுக்கினாராம்.

கூரையில் சேர்ந்த பனியைத் தள்ளிவிடுவதுபோல்
பழியைத் தள்ளிவிடலாம்.
கீழே நிற்பவன் தலையில் விழும்,
நம் கூரை இலேசாகும்.
பொறுப்பை அப்படித் தள்ள வழியில்லை.
சுமத்த ஆள் தேடினால் அது பழியாகிவிடுகிறது.
பொறுத்துக்கொள்ள உட்கார்ந்தால்
எவ்வளவு நாள் என்று யாரும் சொல்வதில்லை.

மார்ச்சில் ஒருநாள் பேரேட்டைக் கேட்டார்.
இருபத்து நான்கை ஒரே கோட்டில் அடித்தார்,
எண் படிக்கத் தெரியும்படி.
பக்கத்தில் எழுதினார்: அளக்கவில்லை.
கையெழுத்து. தேதி.
எனக்கு நன்றி சொன்னார், எதற்கென்று புரியவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் கடல் உறையவே இல்லை.
படகு ஓடியது.
பேரேடு என் அலமாரியில்தான் இருக்கிறது,
யாரும் கேட்டு வருவதில்லை.

ஒன்றை நான் ஹெய்னாரிடம் சொல்லவில்லை.
அறிக்கைக்காக அந்தப் பக்கத்தைப் பார்த்து
எண்களை ஏற்றிய அன்று கவனித்தேன்.
பதினொரு எண்களும் கையுறைக் கையின் எழுத்து,
கோணலாக, பென்சில் அழுந்தி.
பன்னிரண்டாவது மட்டும் அழகாக இருந்தது,
கதகதப்பில் உட்கார்ந்தவன் எழுத்து.
ஒரு நிமிஷம் விரல் விசையில் நின்றது.
மணி நாலரை. ஐந்துக்குப் பேருந்து.

என் பிரதியில் இன்னும்
இருபத்து நான்குதான்.