சிரிப்பு ஏழு

கோண்டாவிலில் ரயர்க் கடைக்கு மேல்மாடி.
சுவரெல்லாம் முட்டைத் தட்டு. அதுதான் எங்கள் கலையகம்.
வெள்ளி இரவு எட்டரைக்குப் போகும் பகிடித் தொடரில்
எங்கெங்கே சிரிக்கவேண்டும் என்று
முடிவெடுப்பது என் வேலை.

தனிய இருந்து பார்க்கிறவைக்கு அது துணை என்பார் தயாபரன்.
உண்மைதான். இந்தப் பக்கம் எத்தனை வீட்டில்
ஒராள், ஒரு தொலைக்காட்சி, பூட்டின நாலு அறை.

முதலில் இறக்குமதிச் சிரிப்புத்தான் போட்டோம்.
சும்மா கிடைத்தது. பளபளப்பாயும் இருந்தது.
ஆனால் பிலாக்கொட்டைக் கறியைப் பற்றின பகிடிக்கு
ஆரோ வெள்ளைக்காரர் விழுந்து விழுந்து சிரிப்பது
எனக்கே கூச்சமாய்ப் போயிற்று.
"எங்கட சனத்தின்ரை சிரிப்பு வேணும்," என்றார் தயாபரன்,
மொட்டைக்கறுப்பன் அரிசி வேணும் என்பதுபோல.

போயா விடுமுறையில்
உரும்பிராயில் ஒரு முன்பள்ளியை வாடகைக்கு எடுத்தோம்.
இருபத்திரண்டு பேர். ஆளுக்கு முன்னூறு ரூபாய்,
ஒரு ரோல்ஸ், ஒரு பிளேன்ரீ.
ஒலிவாங்கி ஒன்றுதான், மின்விசிறியில் கட்டித் தொங்கவிட்டது.
தயாபரன் பகிடிகளை வாசித்தார்.
சனசமூக நிலையத்தில் ஆண்டறிக்கை கேட்பதுபோல்
சனம் கேட்டது.
ஒருவர் இருமினார். அதையும் பதிந்தோம்.

பிறகு கமராக்கார நிரூபன்
பிள்ளைகளின் சிவப்புக் கதிரையில் குந்திவிட்டு
எழும்பினான்.
கதிரையும் எழும்பிற்று.

அதுதான் சிரிப்பு ஏழு.
பதினொரு விநாடி.
எல்லாருக்கும் அரை விநாடி முன்னால் ஒரு பெண்குரல்,
கப்பியில் கயிறு நழுவுவதுபோல் கிறீச்சிட்டு;
அதன் பின்னால் மற்ற இருபத்தொரு பேரும்.
அப்படியொரு நல்ல சிரிப்பை விடலாமா? எங்கும் போட்டேன்.
கள்ளன் தென்னையில் சிக்கினபோது.
வாத்தியாரின் மோட்டார் சைக்கிள் ஆட்டோடு முட்டினபோது.
பத்தொன்பதாம் பகுதியில்,
கனடா மாப்பிள்ளைக்குக் காத்திருந்து காத்திருந்து
கண்ணாடி நம்பர் ஏறினவளைப் பற்றின பகிடிக்கும்.

செவ்வாய்க்கிழமை அவ படியேறி வந்தா.
தவமலர். சங்கக்கடையில் கணக்கெழுதுகிறவ.
செருப்பைக் கழற்றி, முட்டைத் தட்டுகளைக் கொஞ்சநேரம் பார்த்து,
மேசையில் மூன்று நூறு ரூபாய்த் தாள் வைத்தா.
"ரோல்ஸ் எவ்வளவெண்டு சொல்லுங்கோ. அதையும் தாறன்."

கோபமில்லை. பற்றுச்சீட்டு வாசிக்கிற குரல்.
"எனக்கும் ரொறன்ரோவிலை ஒருத்தரைப் பேசியிருந்தது.
ஒன்பது வருஷம். ஊருக்கே தெரியும்.
இப்ப கடைக்கு வாறவை கேக்கினம்,
அந்தப் பகிடிக்கு முதல் சிரிச்சது நீங்கள்தானே எண்டு."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு சொன்னா:
"நான் கதிரைக்குத்தான் தம்பி சிரிச்சனான்."

அன்றிரவு அவவை மட்டும் பிரித்தெடுக்கப் பார்த்தேன்.
இருபத்திரண்டு பேர், ஒரு ஒலிவாங்கி.
அவிச்ச பிட்டுக்குள் தேங்காய்ப்பூப் பொறுக்கிற வேலை.
அவவைக் குறைத்தால் மிச்சப்பேர்
தகரப் பேணிக்குள் இருந்து சிரித்தார்கள்.
விடியப்புறம் அந்த இடத்துச் சிரிப்பையே
முழுக்க எடுத்துவிட்டேன்.

மறுஒளிபரப்பு.
பகிடி முடிகிறது. ஒரு சத்தமும் இல்லை.
சிரிப்புக்கென்று விட்ட இடைவெளியில்
நடிகர் அப்படியே நிற்கிறார்.
உற்றுப் பார்த்தால் உதடு எண்ணுவது தெரியும்:
ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு.

"ஆர் உதிலை சத்தத்தைக் கொன்டது?" தயாபரன் ஏசினார்.
கரண்ட் என்றேன்.
நம்பினார். எங்கள் ஊரில் கரண்ட் எதையும் செய்யும்.

முன்னூறு ரூபாய் இன்னும் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.
ரோல்ஸின் விலையை நான் சொல்லவில்லை.

நேற்று மூலப் பதிவைத் தேடியெடுத்துக் கேட்டேன்.
பதினொராம் விநாடியில் நான் வெட்டின இடத்துக்கு அப்பால்
சிரிப்பு இளைக்கிறது,
பிளாஸ்ரிக் கால் சீமெந்தில் இழுபடுகிறது,
மூச்சு வாங்கி வாங்கி அவவின் குரல்:

"ஐயோ பாவம், ஆராவது அந்தப் பொடியனைக்
கதிரையிலை இருந்து கழட்டி விடுங்கோவன்."