கூடைக் கழிவு

சாலையிலிருந்து என் கதவுக்கு ஐம்பத்திரண்டு படி.
எண்ணிப் பார்த்தது போன ஆனியில்,
குளியலறையில் விழுந்த பிறகு.
அதற்கு முன் அவை படிகளே இல்லை.
வீட்டுக்கு வரும் வழி, அவ்வளவுதான்.

விழுந்ததை யாருக்கும் சொல்லவில்லை.
இடுப்பில் நாவல்பழ நிறத்தில் ஒரு தட்டு
மஞ்சளாகி மறையும் வரை
மகன் திருப்பூரிலிருந்து பேசும்போதெல்லாம்
மழையைப் பற்றியே பேசினேன்.
"இங்க லிஃப்ட் இருக்குப்பா" என்பான்.
இருக்கும்.
அதில் ஏறி இறங்கி
நான் எங்கே போவேன்?

கோத்தகிரி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நிஷாந்தி
சர்க்கரை எவ்வளவு என்று கேட்கவில்லை.
பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டாள்.
"சவரிமுத்து ஐயா, கை ஊன்றாம எழுந்து உட்காருங்க.
முப்பது விநாடி."
நான்கு முறை எழுந்தேன்.
ஐந்தாவதில் பாதியில் நின்று
கடைசி பஸ்ஸை விட்டவன் போலச்
சுவரைப் பார்த்தேன்.

"இது வயசு மட்டும் இல்ல.
தொடை வேலையில்லாம கிடக்கு."
ஒரு தாளில் எழுதித் தந்தாள்.
தினம் ஒரு முட்டை, ஒரு கை சுண்டல்.
அடுப்பு மேடையைப் பிடித்துக் குதிகால் உயர்த்தணும்.
பாசி பிடித்த படிகளைச் சுரண்டணும்.
ராத்திரி குளியலறை விளக்கு எரியட்டும்.
மாத்திரை எங்கே என்று
தாளைத் திருப்பியும் பார்த்தேன்.

எண்ணுவதற்கு ஓர் ஆள் வேண்டும் என்றாள்.
முத்துக்கன்னி வந்தாள்,
முப்பதாவது படியில் வீடு.

முப்பத்தொரு வருடம்
எஸ்டேட்டில் கொழுந்து நிறுத்தவன் நான்.
கூடைக்குக் கழிவு, ஈரத்துக்குக் கழிவு.
மழை நாளில் அது கணக்கு.
வெயில் நாளிலும் என் பென்சில்
அதையே எழுதிக்கொண்டு போனது.
இருபத்தாறு கொண்டுவந்தவளுக்கு இருபத்திரண்டு.
முத்துக்கன்னி முள்ளைப் பார்ப்பாள்,
பிறகு என்னை,
பிறகு கூடையைக் கவிழ்த்துவிட்டுப் போவாள்.
ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

இப்போது திறந்தாள்.
"ஒண்ணு. ரெண்டு. மூணு.
இது சேராது, கை பட்டுச்சு."
"விரல்தானே பட்டது?"
"விரலுக்கும் கழிவு உண்டு, கணக்கப்பிள்ளை."
அவள் சிரித்தாளா என்று
திரும்பிப் பார்க்க எனக்கு மூச்சில்லை.

அடுத்து அவள் முறை.
ஒவ்வொரு முறையும் முட்டியில்
சுள்ளி ஒடியும் சத்தம்.
சுமந்தவர்க்குக் கால் உரம் என்று
யார் சொன்னார்களோ, அவள் முட்டியைக் கேட்கவில்லை.
"ஆறு" என்றேன்.
"அஞ்சு" என்றாள்.
"கூட்டியும் எழுதாத. எனக்கு இனாம் வேணாம்."

அதற்குப் பிறகு
நாங்கள் பழசைப் பேசவேயில்லை.
ஆடிக்காற்றில் கதவு அடித்துக்கொள்ள
ஒரே நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்தோம்.
வலித்தது. சில நாள் கோபத்தில் போகவில்லை.
போகாத நாளும் அவள் கணக்கில் இருந்தது.
போஜன் பழைய தண்ணீர்க் குழாயை அறுத்து
படியோரம் கைப்பிடி வைத்துத் தந்தான்.
கூலிக்குப் பதில் சுண்டல் கேட்டான்.

ஐப்பசியில் நிஷாந்தி மறுபடி வந்தாள்.
"பதினொண்ணு!" என்றாள் கைபேசியைப் பார்த்து.
"பத்து" என்றாள் முத்துக்கன்னி.
நிஷாந்தி என்னைப் பார்த்தாள்.
நான் முள்ளைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தேன்.
"பத்துன்னே எழுதும்மா."
முத்துக்கன்னிக்கு எட்டு.
அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

இன்றும் பால் வாங்க நானே இறங்கினேன்.
அரை லிட்டர் பாக்கெட், நாலு முட்டை,
பனியில் நனைந்த குழாய் கையில் சில்லென்றது.
திரும்பி ஏறுகையில் முப்பதாவது படியில் நின்றேன்.
மூடுபனி விலகட்டும் என்றுதான்.
மூச்சுக்காக இல்லை.

சன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது:
"நிக்கிறதையும் எண்ணுறேன்."