அமர்வோர் 42

ஓட்டுநர் இருக்கைக்கு மேலே அந்தத் தகடு
இன்னும் இருக்கிறது:
அமர்வோர் 42. நிற்போர் 11.
இப்போது அமர்வது நான்.
நிற்பது டெஸ்மண்ட், அதுவும் குனிந்து.
கூரை ஆறடி, அவன் ஆறடி இரண்டங்குலம்.
மூன்று வருடத்தில் அவன் நெற்றி
கூரைக்குப் பழகவில்லை.
கூரைதான் ஓரிடத்தில் கொஞ்சம் குழிந்து கொடுத்திருக்கிறது.

எங்கே நிறுத்தினாலும் முதல் வேலை
மேசை மேல் ஒரு முட்டையை வைப்பது.
கதவுப் பக்கம் உருண்டால்
இடது சக்கரத்துக்குக் கீழே ஒரு பலகை.
வேகமாக உருண்டால் இரண்டு.
முட்டை அசையாமல் நிற்கிற இடம்
அன்றைக்கு எங்கள் விலாசம்.
பிறகு அதைப் பொரித்துத் தின்றுவிடுவோம்.

தண்ணீர் நூற்றிருபது லிட்டர்.
பாத்திரத்துக்கு இவ்வளவு, தலைக்கு இவ்வளவு,
சண்டை போட்ட நாளில் யார் தலைக்கு எவ்வளவு
என்று கணக்கு உண்டு.
கழிவறைப் பெட்டியைக் காலி செய்வது
ஒற்றைப்படைத் தேதிகளில் நான்.
முப்பத்தொன்றுக்கு அடுத்த நாள் ஒன்று என்பது
தெரிந்தேதான் டெஸ்மண்ட்
இந்த ஏற்பாட்டுக்குத் தலையாட்டியிருக்கிறான்.

ஹாஸ்ட் பக்கம் ஐந்து நாள் மழை.
எங்கள் மூச்சே கண்ணாடியில் திரண்டு வழிந்து
மெத்தையின் ஓரத்தை நனைத்தது.
கொசுவுக்கு ஒரு பாட்டாவது உண்டு,
மணல் ஈ சத்தமில்லாமல் கணுக்காலைத் தின்னும்.
சாக்ஸ் எஞ்சின் மூடி மேல் காய்ந்தது.
சாக்ஸில் டீசல், போர்வையில் டீசல்,
உப்பு டப்பாவிலும் டீசல் இருப்பதாக
நான் சொல்கிறேன், அவன் இல்லை என்கிறான்.

இறங்குமிட மணி மட்டும் இன்னும் வேலை செய்கிறது.
கட்டிலில் படுத்தபடி கயிற்றை இழுத்தால்
முன்னால் டிங் என்று கேட்கும்.
ஒருமுறை என்றால் தேநீர்.
இரண்டு முறை என்றால்
நேற்று நான் சொன்னது தப்பு.

ரான்ஃபர்லி தாண்டி ஒரு காலை,
புல்லெல்லாம் உறைபனி நொறுங்க,
பால்கேன் தபால் பெட்டி ஒன்றின் பக்கத்தில் நின்ற பையன்
கை நீட்டினான்.
பச்சை அடித்து என்ன பயன்,
பெட்ஃபோர்டின் மூக்கு மாறவில்லையே.
நிறுத்திவிட்டேன்.

ரப்பர் பூட்ஸோடு அம்மா ஓடி வந்தாள்.
பள்ளிப் பேருந்து பழுதாம்,
வேறொன்று அனுப்புவதாகச் சொன்னார்களாம்.
உள்ளே எட்டிப் பார்த்தாள்.
வாணலி, கட்டில், காயும் உள்ளாடை.
சிரித்து முடிக்க அவளுக்கு நேரம் பிடித்தது.
"நீங்க அந்த வண்டி இல்லை, அப்படித்தானே?"
"இல்லை. ஆனா ஏறுங்க."
டெரினா ஏறினாள், மகன் காஹுவும்.
பல காலத்துக்குப் பிறகு
தகட்டின் எண்கள் கொஞ்சம் நகர்ந்தன.

ஜன்னல் சட்டத்தின் அடியில் யார் யாரோ
காம்பஸ் முனையால் கீறிய பெயர்கள்.
நாங்கள் வண்ணம் பூசாமல் விட்ட ஒரே இடம்.
காஹு ஒவ்வொன்றாக விரலால் தடவினான்.
"இவங்கல்லாம் எங்க இறங்கினாங்க?"
டெஸ்மண்ட் யோசித்துச் சொன்னான்:
"ஏலத்துல நாங்க வாங்கினப்பவே
எல்லாரும் இறங்கியிருந்தாங்க."
பையனுக்கு அது பதிலாகப் படவில்லை.
எனக்கும்தான்.

பள்ளி வந்ததும்
யாரும் சொல்லித்தராமலே
எக்கிக் கயிற்றை இழுத்தான், ஒருமுறை.
டிங்.
டெஸ்மண்ட் சட்டென்று எழுந்து
கூரையில் இடித்துக்கொண்டு
கெட்டிலை எடுத்தான்.

டெரினா தேநீர் குடித்தாள்.
அவளைத் திரும்பக் கொண்டுவிட
வந்த வழியே பதினான்கு கிலோமீட்டர்.
அதற்குள் பொழுது கோணலாகிவிட்டது,
முந்தின இரவு நின்ற ஆற்றோரத்துக்கே திரும்பினோம்.
எங்கள் சக்கரத் தடத்தில்
பனி இன்னும் மிச்சமிருந்தது.
முட்டையை வைத்தேன்.
பலகை தேவைப்படவில்லை.