நீலத் தாள்

முதல் வரைவு வெள்ளைத் தாளில்.
திருத்தம் வந்தால் நீலம்,
அதற்கும் மேல் இளஞ்சிவப்பு, பிறகு மஞ்சள்.
ஸ்டூடியோவின் இரண்டாம் மாடியில்
பதினோரு வருஷம் தட்டச்சு செய்தவள் நான்.
ஆரின் ட்வைட்டை எனக்கு நிறங்களால்தான் தெரியும்.

வடக்கு டகோட்டாவிலிருந்து வந்தார்,
ஒரு நாவலோடும் ஒரே கோட்டோடும்.
நாவலில், தானியக் கிடங்குக்குள் இறங்கிய அப்பா
கோதுமையில் மூழ்கிச் சாகிறார்.
"தண்ணீர்போலத்தான் இழுக்கும், மிஸ் ஹாலோரன்,
ஆனால் சத்தமே இருக்காது" என்றார்,
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு.

கதையை வாங்கினார்கள்.
திரைக்கு எழுதவும் அவரையே வைத்தார்கள்,
வாரம் முன்னூற்றைம்பது டாலர்.
அப்பா சாகக் கூடாது என்றது மேலிடம்.
நீலத்தில் அப்பா சித்தப்பா ஆனார்.
இளஞ்சிவப்பில் சித்தப்பாவுக்குக் கால் மட்டும் முறிந்தது.
மஞ்சளில் விழுந்தது ஒரு குதிரை.
பச்சை வந்தபோது கோதுமையே இல்லை;
படப்பிடிப்புக்கு அரிசோனா மலிவு.

குதிரை பிழைத்துக்கொண்டது.
படம் நன்றாக ஓடியது.
என்சினோவில் வீடு, வாசலில் எலுமிச்சை,
இன்னும் ஒன்பது படங்கள்.
எல்லாவற்றிலும் யாராவது
கடைசி நிமிஷத்தில் பிழைத்தார்கள்.

ஐம்பத்திரண்டில் ஒரு வெள்ளிக்கிழமை
கதவைச் சாத்திவிட்டு நின்றபடியே சொன்னார்;
நான் அடித்தேன்.
விசாரணைக் குழுவுக்கு வாக்குமூலம்.
ஒன்றரைப் பக்கம், ஆறு பெயர்கள்.
நான்காவது, என் அக்கா கணவர்.
அவருக்கு அது தெரியாது. அல்லது தெரியும்.
இனிஷியல்கூடப் பிசகாமல் அடித்தேன்,
மூன்று கார்பன் பிரதிகள்.
"திருத்தம் உண்டா?" என்று கேட்டேன்.
ஜன்னலுக்கு வெளியே யாரோ
பொய்மழைக்குக் குழாய் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.
"இல்லை" என்றார்.

அவர் எழுதியதில்
நீலமே காணாத பக்கம் அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை நான் வேலைக்குப் போனேன்.
அத்தான் ஃப்ரெஸ்னோவில்
குளிர்சாதனப் பெட்டி விற்கப் போனார்.

அறுபத்தேழில் ட்வைட் இறந்தபோது
அவர் மனைவி ஒரு அட்டைப்பெட்டி அனுப்பினாள்:
யாரும் வாங்காத இரண்டாவது நாவல்,
எழுநூறு வெள்ளைத் தாள்.
முதல் வரியிலேயே அப்பா கிடங்குக்குள் இறங்குகிறார்.
நூறு பக்கம் தாண்டியும் இறங்குகிறார்.
மேலே கயிற்றைப் பிடித்தபடி
ஒன்பது வயதுப் பையன் ஒருவன்.

அந்தப் பையன்
முதல் நாவலில் கிடையாது.
எந்த நிறத்திலும் கிடையாது.

கடைசித் தாள் பாதி வாக்கியத்தில் நிற்கிறது.
அன்றிரவு அக்காவுக்குப் போன் போட்டேன்.
கோதுமையைப் பற்றிச் சொல்லவில்லை.
ஃப்ரெஸ்னோவில் வெயில் எப்படி என்று கேட்டேன்.
கொளுத்துகிறது என்றாள்.
அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம்
இருவரும் போனை வைக்கவில்லை.