உடம்பில் உலோகம் உண்டா

படிவத்தில் ஏழாவது கேள்வி அது.
முதல் ஆறுக்கும் இல்லை என்று போட்டிருந்தேன்.
இதயக் கருவி இல்லை. கர்ப்பம் இல்லை.
பூட்டிய அறையில் பயம் இல்லை
(அது பொய்).

மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரி, ஸ்கான் அறை வாசல்.
பேனை தந்த பிள்ளைக்கு
இருபத்திரண்டு இருக்கும்.
சண்டை முடிந்த வருசம்
பால்பல் விழுந்திருக்கும் அவளுக்கு.
'தோடு, காப்பு, கொண்டையூசி
எல்லாத்தையும் கழட்டி இதுக்குள்ள போடுங்கக்கா.'
கிட்னி வடிவத்தில் ஒரு தட்டு.
போட்டேன்.
'மறுகா வேற என்னவும் இரிக்கா?'

இருக்கிறது.
இடக்காதுக்குப் பின்னால் பயறளவில் ஒன்று,
அதற்கு மேலே குறுணல் போல இரண்டு.
மயிர் வளர்ந்து மூடிவிட்டது.

பத்மலோஜினிக்கு ஒரு கால்
முழங்காலோடு சரி.
பஸ்ஸில் எழும்பி இடம் விடுகிறார்கள்.
மாதம் முடிய ஏதோ கொஞ்சம் காசு வருகிறது.
'நீ தப்பினாய் கா, ஒருத்தருக்கும் தெரியாது'
என்கிறாள் என்னைப் பார்த்து.
நான் அவளுடைய பிளாஸ்டிக் பாதத்தைப் பார்க்கிறேன்,
அதன் ஐந்து விரலையும்.
அந்தப் பார்வைக்கு என்ன பெயரென்று
எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன்.

பட்டிப்பளை பிரதேச செயலகத்தில்
அந்த ஐயா கேட்டார், கை?
நல்லம். கால்? நல்லம். கண்?
அதுவும்.
எழும்பி நடக்கச் சொன்னார்.
எழும்பினேன். சீமெந்துத் தரை
தோணி போல ஒரு பக்கம் சரிந்தது.
சரியாதது போல நடந்து காட்டினேன்.
பழக்கம்.
அங்கேதான் பிழை விட்டேன்.

போன மாசம் கடையில்
உப்புக்கு என்ன பெயரென்று தெரியாமல் நின்றதை,
கடைக்காரப் பெடியன் சிரித்ததை,
சீனியோடு வீட்டுக்கு வந்ததை
எழுத
அவருடைய பத்திரத்தில் பெட்டி இல்லை.

காதிலும் ஒன்று உண்டு.
மீன் பாடுகிறதென்று வெளியூர்ச் சனம்
பௌர்ணமிக்குத் தோணி பிடித்து
துடுப்பில் காது வைக்கிறது.
'உனக்குச் சும்மாவே கேக்குதே' என்பான் என் மனிசன்.
முதல் தரம் சிரித்தேன்.
அது மீனில்லை.
சாமம் சாமமாய் ஓடுகிற
பழைய பிரிட்ஜ்.

அவனுக்குத் தெரியும். மாமிக்குத் தெரியாது.
அந்த ஆறு வருசத்தையும்
கட்டுநாயக்கா கார்மெண்ட் என்று சொல்லி வைத்திருக்கிறோம்.
எந்த லைன், எந்த மெசின்,
சூப்பர்வைசரின் பட்டப்பெயர்,
எல்லாம் இட்டுக்கட்டி வைத்திருக்கிறேன்.
அதுமட்டும் மறப்பதே இல்லை.

பிள்ளையின் சட்டையில் பெயர்: றிஹாமா.
காத்தான்குடியாம்.
எந்தப் பக்கத்தில் நின்று வாங்கிய இரும்பென்று
இவளிடம் எப்படிச் சொல்வது,
இவளுடைய வீட்டில் யார் யார்
வராமல் போனார்களோ.
'காந்தமக்கா. மறைச்சா இழுத்துப் போடும்'
என்றாள், மெதுவாக.

உண்டு என்று கீறினேன்.
எந்த வருடம்: 1998.
எப்படி:
புள்ளடி போடாமல், எழுத்தும் இல்லாமல்
விட்டேன்.
வாசித்தாள். அந்த வெறுமையையும்
வாசித்திருப்பாள். ஒன்றும் கேட்கவில்லை.
'இந்த ஸ்கான் ஏலாது. டொக்டர்ட்ட சொல்றன்.
முதல்ல ஒரு எக்ஸ்ரே எடுப்பம்.'

ஆதாரம் கொண்டுவா என்றார் அந்த ஐயா.
ஆதாரமே
கதவை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

குருக்கள்மடத்தில் இறங்கி
அம்பிளாந்துறைப் பாதையில் ஏறினேன்.
பஸ் தகரத்தில் கொண்டக்டர் அடிக்கிற அடி
எனக்கு ஆகாது.
நடு வாவியில் உறையைப் பிரித்து
வெயிலுக்குப் பிடித்தேன் என் தலையை.
மூன்று வெள்ளைப் புள்ளி.
இவ்வளவுதானா.
சைக்கிளோடு நின்ற ஒரு கிழவன் எட்டிப் பார்த்து
'யாருக்குப் புள்ள?' என்றான்.
'தெரிஞ்ச ஒராள்' என்றேன்.

வாசலில் மாமி.
உறையைக் குடைக்குள் மறைத்தபடி வருகிறேன்.
கண்டவுடன் கண்கள் நேரே
என் காதுக்குப் போயின.
இத்தனை வருசத்தில் முதல் தரம்
அந்த இடத்தை அப்படி உற்றுப் பார்த்தா.
எனக்குக் கால் கூசியது.

'தோடு எங்க?' என்றா.